உயிருடன் பிறந்தவர்கள்: ஒன்று

2023 நவம்பர் 14, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் நான்கு பத்து. காலை முதல் விட்டுவிட்டுப் பெய்த மழை தூறலாகக் குறைந்திருந்தது. காற்று வடக்கிலிருந்து வீசியது. குழந்தைகள் வாட்டின் விறாந்தையில் பதினொரு குடைகள் சுவரோடு சாத்தியிருந்தன. பன்னிரண்டாவது என்னுடையது, அதை யாரும் மாற்றி எடுத்துவிடக்கூடாது என்று மடியில் வைத்திருந்தேன். இளம் பெண் டொக்டர் ஒருவர் கையில் ஒரு தாளோடு வந்து, என் கதிரைக்கு முன்னால் குனிந்து கேட்டார்.

“ஐயா, உங்களுக்கு எத்தினை பிள்ளையள் பிறந்தது?”

“ஒண்டு,” என்றேன். “உள்ளுக்கை பிள்ளையோடை நிக்கிற மகள் மட்டும்தான்.”

சரியான விடை இரண்டு. மகளுக்கு முன் ஒரு மகன் பிறந்தான். ஐந்து மாதமும் சில நாட்களும் இருந்து செத்துப்போனான். மகளுக்கு அது தெரியாது. தெரிந்த இன்னொருவர் என் மனைவி; அவர் இறந்து நான்கு வருடம்.

டொக்டர் கேட்டது பொழுதுபோக்குக்கு அல்ல. உள்ளே, ஜன்னலிலிருந்து மூன்றாவது கட்டிலில், என் பேரன் கிடந்தான். பிறந்து நூற்று இருபத்தேழாவது நாள். இருதயம் பெருத்து, நிமிடத்துக்கு அறுபத்தெட்டு முறை மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். அந்த அறுபத்தெட்டை எண்ணியது நான். தாதி மிஸி எழுதியிருந்தது அறுபத்தைந்து. மூன்று மூச்சு எங்கே போனது என்று கேட்டதற்கு, “பிள்ளை அசைஞ்சால் கூடிக் குறையும் ஐயா,” என்றார். நான் நம்பவில்லை.

நான் எதையும் இலகுவில் நம்புகிறவனல்ல. முப்பத்தாறு வருடம் அரசாங்கத்தில் புள்ளிவிபர வேலை பார்த்தவன். கடைசிப் பதினோரு வருடம் கரவெட்டிப் பக்கத்தில். வீடு வீடாகப் போய் மனிதர்களையும் ஆடு மாடுகளையும் கிணறுகளையும் எண்ணி, ஆட்கள் சொன்ன எண்ணுக்கும் உள்ள எண்ணுக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று கண்டுபிடிப்பதுதான் என் தொழில். ஆகவே பேரனுக்கு வருத்தம் தொடங்கியபோதும் அப்படித்தான் தொடங்கினேன்.

முதலில் அவன் வாயில் வெள்ளை படிந்தது. மருந்து பூசினால் போகும், நான்கு நாளில் திரும்பி வரும். சம்பந்தியின் மனைவி பிள்ளைக்கு இரகசியமாகச் சீனித்தண்ணி பருக்கியிருப்பார் என்று சந்தேகித்தேன். பிறகு இருமல். முப்பத்தொரு நாள் நீடித்தது. எங்கள் வீட்டுப் பின் அறைகளில் வாடகைக்கு இருக்கும் கம்பஸ் பெடியன்கள் நான்கு பேரையும் சந்தேகித்தேன். நான்கில் ஒருவன் எப்போதும் தும்மிக்கொண்டிருப்பான். பிறந்த அன்று இடது கையில் போட்ட காசநோய்த் தடுப்பூசி ஆறாமல் புண்ணாகி, கமக்கட்டில் ஒரு கட்டி கிளம்பியது. ஊசியைச் சந்தேகித்தேன், போட்ட கையைச் சந்தேகித்தேன். பிள்ளையின் நிறை கிளினிக் தராசில் ஒன்று, மருந்துக்கடைத் தராசில் ஒன்று. வித்தியாசம் அறுபது கிராம். இரண்டு தராசையும் சந்தேகித்தேன். ஆனால் இரண்டு தராசும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போயின. ஆறு கிழமையாகப் பிள்ளை நிறை கூடவில்லை.

பால் குடிக்கும்போது அவனுக்கு நெற்றி வியர்க்கத் தொடங்கியது. மழைக்குளிரில் நான் காதுக்கு மஃப்ளர் கட்டிக்கொண்டு இருக்க, நான்கு மாதப் பிள்ளை வியர்த்தான். அதைப் பார்த்த அன்று நான் யாரையும் சந்தேகிக்கவில்லை. போய் முன்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தேன். ஏனென்றால் அந்த வியர்வையை நான் முன்பே ஒரு முறை கண்டிருக்கிறேன்.

தீபாவளிக்கு மறுநாள் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். எக்கோ எடுத்துப் பார்த்துவிட்டு, இருதயத் தசையில் அழற்சி என்றார்கள். சாதாரணத் தடிமன் கிருமி ஒன்று இருதயத்தில் போய்த் தங்கியிருக்கிறதாம். மற்றப் பிள்ளைகளுக்கு அது மூக்கால் ஒழுகிப் போய்விடும். இவனுக்குப் போகவில்லை. சுருங்கி விரியும் சக்தி அறுபது வீதத்துக்கு மேல் இருக்க வேண்டிய இடத்தில் இருபத்தெட்டு.

அந்த இளம் டொக்டருக்கு மட்டும் கிருமியைவிட ‘ஏன் போகவில்லை’ என்பதே பெரிய கேள்வியாக இருந்தது. அவர் மகளிடம் முதலில் கேட்டிருக்கிறார், அம்மாவுடன் பிறந்த ஆண்கள் யாராவது உண்டா, உங்களுக்கு அண்ணன் தம்பி உண்டா என்று. இல்லை என்று மகள் சொன்னாள். அவள் அறிந்த அளவில் அது உண்மை. அதனால்தான் என்னிடம் வந்தார்.

அவர் கேட்ட விதத்தை நான் உடனே இனங்கண்டேன். குடிசன மதிப்பீட்டுப் படிவத்தில் திருமணமான பெண்களுக்கென்று இரண்டு நிரல்கள் உண்டு. முதலாவது, உயிருடன் பிறந்த பிள்ளைகள். இரண்டாவது, இப்போது உயிருடன் இருப்பவர்கள். பெண்கள் பெரும்பாலும் இரண்டாவது எண்ணையே முதலாவதிலும் சொல்லிவிடுவார்கள். செத்த பிள்ளையை அந்நிய ஆளின் பென்சிலுக்குக் கொடுக்க எவருக்கு மனம் வரும்? ஆகவே நான் கணக்கெடுப்பாளர்களுக்குச் சொல்லிக் கொடுத்தேன்: எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று கேட்காதே, எத்தனை பிறந்தது என்று கேள். கேட்டுவிட்டுத் தலையை நிமிர்த்தாதே. தாளைப் பார்த்துக்கொண்டு மனதுக்குள் பத்து வரை எண்ணு. அந்தப் பத்துக்குள் சொல்லிவிடுவார்கள். சொல்லாவிட்டால், கல்யாண வருடத்துக்கும் மூத்த பிள்ளையின் வயதுக்கும் உள்ள இடைவெளியைப் பார்.

டொக்டரும் ‘பிறந்தது’ என்றே கேட்டார். தாளைப் பார்த்தார். காத்திருந்தார். நானும் எண்ணினேன். ஏழு வரை வந்தது. பிறகு நான் எதிர்பார்த்த அடுத்த கேள்வி.

“கலியாணம் எப்ப ஐயா?”

“எண்பத்திரண்டு.”

“மகள் எண்பத்தொன்பதிலை. ஏழு வருசம் இடைவெளி?”

“நாட்டு நிலைமை தெரியும்தானே பிள்ளை.”

அந்த ஒரு விடைக்கு எங்கள் ஊரில் மறுகேள்வி கிடையாது. அவர் தலையாட்டிவிட்டு ஒரு வரி எழுதினார். எழுதிய வேகத்திலிருந்து அது ‘ஒன்றுமில்லை’ என்ற சொல் என்று தெரிந்தது. என் தொழில் வாழ்க்கை முழுவதும் எவரும் எனக்குச் செய்ய நான் விடாததை நான் அவருக்குச் செய்துவிட்டேன். அப்போது, வெட்கத்தை விட்டுச் சொன்னால், எனக்கு ஒரு சின்ன வெற்றி போலவும் இருந்தது.

ஏன் சொல்லவில்லை என்பதைச் சொல்ல வேண்டும்.

மகன் செத்த புதிதில் அது துக்கம். புதைத்துவிட்டு வந்த அன்று என் மனைவி, “எங்கடை வீட்டிலை ஆம்பிளைப் பிள்ளை தங்கிறேல்லை,” என்றார். அவர் வீட்டில் நான்கு பெண்கள், ஆண் இல்லை. எத்தனை ஆண் பிறந்து போனது என்று நான் கேட்கவில்லை. முழு மாவட்டத்திலும் கேட்ட கேள்வியை மாமியாரிடம் கேட்கவில்லை. அத்தனை சின்னப் பிள்ளைக்குத் திவசமும் இல்லை, படமும் இல்லை. நினைவுபடுத்த நாட்காட்டியில் ஒரு நாள்கூடக் கிடையாது. மகள் பிறந்த பிறகு அது பழக்கமாயிற்று. மகளுக்குக் கல்யாணப் பேச்சு வந்தபோதுதான் பொய்யாயிற்று.

மருமகன் பண்டத்தரிப்புப் பக்கம், பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிப்பவர். சம்பந்தி அங்கே வெங்காயமும் புகையிலையும் செய்கிறார். பெண் பார்க்க வந்த அன்று அவர் மூன்று வடை சாப்பிட்டு, நான்காவதைப் பாதியில் வைத்துவிட்டு, என்னைப் பார்த்துக் கேட்டார்.

“அண்ணை, ஒளிக்காமல் சொல்லுங்கோ. குடும்பத்திலை ஏதும் வருத்தம் இருக்கோ?”

“சீனி வருத்தம். அதுவும் எனக்குத்தான்.”

“அது இப்ப வருத்தமில்லை அண்ணை, அது சொத்து. எல்லாரிட்டையும் இருக்கு.”

எல்லோரும் சிரித்தோம். ஆனால் அந்தப் பாதி வடையை நான் மறக்கவில்லை. திருப்தியான ஆள் பாதியில் வைக்கமாட்டான். இந்த மனிதர் இன்னும் விசாரித்துக்கொண்டே இருக்கிறார் என்று ஏழு வருடமாக எனக்குச் சந்தேகம். என் மனைவியின் ஊர்ப்பக்கம் போனேன் என்று அவர் சொன்னால், யாரிடம் போனார், எத்தனை மணிக்குத் திரும்பினார் என்று கணக்குப் பார்ப்பேன். இங்குள்ள வழக்கப்படி சீதன வீட்டுக்கு மருமகன் வந்து இருக்கிறார். திருநெல்வேலியில் நான் கட்டிய வீடு இப்போது மகளுடையது, நான் முன்னறையில். பழைய பிள்ளையின் கதை வெளியில் வந்தால் ‘ஒளிச்சுக் கட்டிக் குடுத்திட்டான்’ என்ற சொல்லை மகள்தான் அந்த வீட்டுக்குள் சுமக்க வேண்டும். அதுவே என் கணக்கு. செத்தவன் ஒருவன், இருப்பவள் ஒருத்தி. இருப்பவளை வைத்துத்தான் விடை சொன்னேன்.

அந்தக் கணக்கில் பேரனை நான் எங்கே வைத்தேன் என்று பிறகு பல முறை யோசித்திருக்கிறேன். வைக்கவே இல்லை.

புதன்கிழமை மழை பலத்தது. பகல் பன்னிரண்டு மணிப் பார்வை நேரத்துக்குப் போனேன். மருமகன் இரத்தப் பரிசோதனை றிப்போட்டின் படம் ஒன்றைப் போனில் காட்டினார். ஹீமோகுளோபின் ஆறு தசம் இரண்டு. வெள்ளை அணு மொத்தம் ஐயாயிரத்துத் தொளாயிரம். மருமகன் அதோடு நின்றுவிட்டார். நான் கீழே பார்த்தேன். அந்த வெள்ளை அணுவில் நிணநீர்க் கலம் என்ற வகை ஏழு வீதம் என்று இருந்தது. வீதத்தை மட்டும் பார்த்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது. மொத்தத்தால் பெருக்கினேன். நானூற்றுப் பதின்மூன்று.

இளம் டொக்டர் வந்தபோது, “இது எவ்வளவு இருக்க வேணும்?” என்று கேட்டேன்.

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். “இந்த வயசுக்கு மூவாயிரத்துக்கு மேலை இருக்க வேணும் ஐயா. நீங்கள் பெருக்கிப் பார்த்தனீங்களோ?”

“மெஷின் பிழையாய் இருக்காதோ?”

“ரெண்டு தரம் செய்தனாங்கள்.”

பிறகு எங்கள் இருவருக்குமாக அவர் விளக்கினார். கிருமியை எதிர்க்கும் கலங்களே இல்லாமல் சில பிள்ளைகள் பிறக்கும். மிக அரிது. அதில் ஒரு வகை தாய்வழியால் வருவது. பெண்களுக்கு ஒன்றும் செய்யாது, அவர்கள் சுகமாக இருப்பார்கள்; அவர்கள் பெறும் ஆண் பிள்ளையில் வெளிப்படும். அப்படிப் பிள்ளைகளுக்குத் தடிமனும் இருதயத்தில் போய் ஏறும், தடுப்பூசியும் புண்ணாகும்.

“இப்ப பிரச்சினை என்னண்டால், பிள்ளைக்கு ரத்தம் காணாது. அதாலை இருதயம் இன்னும் கஷ்டப்படுது. நாளைக்குப் பத்து மணிக்கு ரத்தம் ஏத்த வேணும் எண்டு பெரிய டொக்டர் சொல்லுறார். இந்த வருத்தம் இருக்கிற பிள்ளையெண்டால் சாதாரண ரத்தம் குடுக்கக் கூடாது. மற்ற ஆளின்ரை கலம் இவனுக்குள்ளை போய் இவனையே தாக்கும். அந்தக் கலங்களைச் சாகடிக்கக் கதிர் பாய்ச்சின ரத்தம் கொழும்பிலையிருந்து வர வேணும். ஒண்டு ரெண்டு நாள் செல்லும்.”

“அப்ப அதையே எடுப்பியுங்கோவன்,” என்றார் மருமகன்.

“ஒண்டு ரெண்டு நாள் பிந்திறதும் இருதயத்துக்குக் கூடாது. நிணநீர்க் கலம் கடும் கிருமியாலையும் குறையும். குடும்பத்திலை முந்தி ஆம்பிளைப் பிள்ளை ஏதும் தவறியிருந்தால் நாங்கள் யோசிக்காமல் நிப்பாட்டுவம். இங்கை அப்பிடி ஒண்டும் இல்லையெண்டு எழுதியிருக்கு. அதாலைதான் பெரிய டொக்டர் குடுப்பம் எண்டு முடிவெடுத்தவர்.”

எழுதியிருந்தது நான் சொன்னது.

தாய்வழி என்று கேட்டபோது எனக்குள் முதலில் எழுந்தது என்னவென்றால், அப்படியானால் இது என்னுடைய பக்கத்தால் வந்ததல்ல என்ற நிம்மதி. மனைவி இறந்து நான்கு வருடத்துக்குப் பிறகும் பழியைத் தள்ளிவைக்க ஒரு இடம் தேடுகிறேன். அடுத்து எழுந்தது சந்தேகம். இந்த டொக்டர்ப் பிள்ளை என்னைப் பார்த்துக்கொண்டே ஏன் இதைச் சொல்கிறார்? கண்டுபிடித்துவிட்டாரா? நான் மேலே வாயே திறக்கவில்லை. போகிற வழியில் மிஸியிடம் மட்டும், ஏற்றப்போகும் இரத்தம் யாருடையது என்று கேட்டேன்.

“பையிலை பேர் எழுதுறேல்லை ஐயா. வகை மட்டும்தான். ஏன், சாதகம் பாக்கப் போறியளோ?”

பக்கத்துக் கட்டில் தாய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என் மகள் சிரிக்கவில்லை. பிள்ளையின் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் துடைத்த விதம், சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு நடுவிலிருந்து காதுப்பக்கம், அவள் தாய் 1984இல் துடைத்ததேதான். யாரும் அவளுக்குக் காட்டிக் கொடுக்கவில்லை.

வியாழக்கிழமை காலை எட்டு நாற்பதுக்குப் பலாலி வீதியில் பஸ் ஏறினேன். மகளின் போனுக்கு எடுத்துச் சொல்லலாம்; ஆனால் அதை எடுப்பவள் மகள். டொக்டரைத் தனியே கண்டு, இரகசியமாகச் சொல்லி, எழுதியதை இரகசியமாக மாற்றுவிக்கலாம் என்று நினைத்தேன். வீதியில் முழங்கால் வெள்ளம். வழக்கமாகப் பதினேழு நிமிடம் எடுக்கும் பஸ் முப்பத்தெட்டு நிமிடம் எடுத்தது. ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி மறித்தார்.

“பார்வை நேரம் பன்னிரண்டுக்கு ஐயா.”

“எனக்கு டொக்டரோடை ஒரு அவசரக் கதை.”

“எல்லாருக்கும் அவசரம்தான். ஆரும் இங்கை ஆறுதலாய் வாறேல்லை.”

பொய் சொல்லிப் போயிருக்கலாம். அன்று எனக்கு ஒரு பொய்யும் வாயில் வரவில்லை. கடைசியில், “பேரப்பிள்ளைக்குப் பத்து மணிக்கு ரத்தம் ஏத்தப் போயினம், அது பிழையான ரத்தம்,” என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு விலகினார்.

ஒன்பது நாற்பது. கட்டிலைச் சுற்றி மகள், மருமகன், டொக்டர், மிஸி. விறாந்தைக் கதவடியில் சம்பந்தி, நனைந்த சறத்தோடு. அவரை யார் உள்ளே விட்டார்கள் என்று அந்த நேரத்திலும் ஒரு கேள்வி வந்து போனது. இரத்தப் பை கம்பியில் தொங்கியது. குழாய் இன்னும் பிள்ளையின் கையில் பொருத்தப்படவில்லை. இரகசியத்துக்கு இடம் இல்லை.

“டொக்டர், ரெண்டு,” என்றேன்.

“என்ன ஐயா ரெண்டு?”

“எனக்குப் பிறந்தது ரெண்டு. இவவுக்கு முதல் ஒரு பெடியன். எண்பத்து நாலிலை. அஞ்சு மாசத்திலை போயிட்டான். வாயிலை வெள்ளை, பிறகு சளி, பிறகு இருதயம். இதேதான். பால் குடிக்கேக்கை இப்பிடித்தான் வேர்த்தவன். மனுசி வீட்டிலையும் ஆம்பிளைப் பிள்ளையள் தங்கேல்லை.”

டொக்டர் மிஸியைப் பார்த்தார். “பொறுங்கோ மிஸி. ஏத்த வேண்டாம். அதைத் திருப்பிக் குடுங்கோ.” பிறகு என்னிடம், குரல் உயர்த்தாமல், “ஐயா, செவ்வாய்க்கிழமை கேட்டனான்,” என்றார்.

“ஓம். சரியாய்த்தான் கேட்டனீங்கள். பத்து வரைக்கும் பொறுத்திருக்க வேணும். ஏழிலை விட்டிட்டியள்.”

அவருக்கு அது விளங்கியிராது. போனை எடுத்துக்கொண்டு வேகமாக வெளியே போனார். மகள் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“எனக்கு அண்ணை இருந்தவரோ?”

“ஓம்.”

“அம்மாவுக்குத் தெரிஞ்சுதான் இருந்தவவோ? நெடுகலும்?”

பெற்றவளுக்குத் தெரியாமல் இருக்குமா என்று எவரும் சிரிக்கக்கூடிய கேள்வி. ஆனால் அவள் கேட்டது அதையல்ல, தாயும் சேர்ந்து ஒளித்தாரா என்பதையே என்று எனக்கு விளங்கியது. ஓம் என்றேன். அவள் பிள்ளையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதன் பிறகு நான்கு நாள் என்னோடு கதைக்கவில்லை.

விறாந்தைக்கு வந்தேன். சம்பந்தி பின்னால் வந்து பக்கத்தில் நின்றார். ஏழு வருடமாகப் பயந்த வார்த்தை இப்போது வரப்போகிறது என்று குடையை இறுக்கிப் பிடித்தேன்.

“அது எங்களுக்குத் தெரியும் அண்ணை,” என்றார்.

“எது?”

“உங்கடை மூத்த பெடியன்ரை கதை. கலியாணத்துக்கு முதலே உங்கடை மனுசியின்ரை ஊரிலை விசாரிச்சனாங்கள். சின்னப் பிள்ளை தவறினது, அதெல்லாம் ஒரு வருத்தமோ எண்டு விட்டிட்டம். மகனுக்கும் சொல்லேல்லை.”

“அப்ப டொக்டர் கேட்ட நேரம் ஏன் சொல்லேல்லை?”

“உங்கடை வீட்டுக் கதையை நான் எப்பிடி அண்ணை அவிழ்க்கிறது? நீங்களே ஒண்டெண்டு சொன்னதாய் மகன் சொன்னவன். நான் போய் ரெண்டெண்டு சொன்னால், மருமகளிலை குறை பிடிக்கிறான் எண்டு நினைக்கமாட்டியளோ?”

நான் குடையைச் சுவரோடு சாத்தினேன்.

“உண்மையைச் சொல்லுங்கோ அண்ணை. நினைச்சிருப்பியளோ, இல்லையோ?”

“நினைச்சிருப்பன்.”

“அதுதான்,” என்றார். “பிறகு இந்தச் சின்னனைப் பாத்து எனக்கும் பொறுக்கேல்லை. இண்டைக்குச் சொல்லுவம் எண்டுதான் விடிய வெளிக்கிட்டு வந்தனான். வந்து அரை மணித்தியாலம் கதவடியிலை நிண்டனான்.”

அவர் உண்மையில் சொல்லியிருப்பாரா என்று இன்றும் எனக்குத் தெரியாது. சந்தேகம் என்னைவிட்டுப் போய்விட்டதென்று யாரும் எண்ண வேண்டாம். ஆனால் நான் அரை மணித்தியாலத்தைக் கணக்குப் பார்த்தேன். அவர் சறத்திலிருந்து சொட்டிய தண்ணீர் காலடியில் ஒரு தட்டு அகலத்துக்குத் தேங்கியிருந்தது. அரை மணித்தியாலம் சரிதான். ஒரே உண்மையை அறிந்த இரண்டு கிழவர்கள், ஒருவர் மற்றவருடைய மரியாதையைக் காப்பதாக நினைத்துக்கொண்டு, ஒரு பிள்ளையின் தலைக்கு மேலால் வாயை மூடி நின்றிருக்கிறோம். செவ்வாய் நான்கு பத்திலிருந்து வியாழன் ஒன்பது நாற்பது வரை நாற்பத்தொரு மணித்தியாலமும் முப்பது நிமிடமும். பேரனின் இருதயம் அந்த நேரம் முழுவதும் இரத்தம் போதாமல் அடித்துக்கொண்டிருந்தது.

கொழும்பு இரத்தம் வெள்ளிக்கிழமை மாலை வந்தது. அதற்கிடையில் ஒரு முறை அவன் நகங்கள் நீலமாகின; பிறகு தெளிந்தன. என் விடை செவ்வாய்க்கிழமையே சரியாக இருந்திருந்தால் அந்த இரத்தம் வியாழனே வந்திருக்கும். இதை எனக்கு எவரும் சொல்லவில்லை. கழித்துப் பார்க்க எனக்குத் தெரியும்.

அடுத்த கிழமை அம்புலன்சில் தாயையும் பிள்ளையையும் கொழும்புக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பரிசோதனையில் அந்த வருத்தம்தான் என்று உறுதியாயிற்று. கண்ணாடி அடைத்த தனி அறை. கிழமைக் கணக்கில் எதிர்ப்புச் சக்தி மருந்து. எங்கள் ஐந்து வயதுப் பேத்தியின் எலும்பு மச்சை தம்பிக்குப் பொருந்துமா என்று அவளிடமும் இரத்தம் எடுத்தார்கள். நான்கில் ஒரு வாய்ப்பு என்றார்கள். நான்கில் ஒன்று என்றால் என்னவென்று எனக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. நான்கில் மூன்று என்னவென்றும் தெரியும். முதலில் இருதயம் தேற வேண்டும், தேறாமல் மச்சை மாற்ற முடியாது. அந்தச் சுருங்கி விரியும் சக்தி இருபத்தெட்டிலிருந்து முப்பத்துமூன்று. பிறகு முப்பத்தொன்று, அன்று நான் சாப்பிடவில்லை. பிறகு முப்பத்தெட்டு.

மகள் கொழும்பிலிருந்து முதல் முறை போன் எடுத்தபோது நலம் விசாரிக்கவில்லை.

“அப்பா, அவர் எத்தினை நாள் இருந்தவர்?”

“ஆர்?”

“அண்ணை.”

எனக்கு விடை தெரியவில்லை. பின் அறைப் பெடியன்கள் ஒரு மாதத்தில் எத்தனை முறை தண்ணீர் மோட்டர் போடுகிறார்கள் என்று சொல்ல முடிந்த எனக்கு அது தெரியவில்லை. ஐந்து மாதமும் சில நாளும் என்றே முப்பத்தொன்பது வருடம் வைத்திருந்தேன். “பொறு பிள்ளை,” என்று சொல்லிவிட்டு, போனைக் காதில் வைத்தபடியே விரல் மடித்து எண்ணினேன். அந்த வருடம் பெப்ரவரிக்கு இருபத்தொன்பது நாள். நூற்று அறுபத்து மூன்று.

“நூற்று அறுபத்து மூண்டு,” என்றேன்.

“இவனுக்கு இண்டைக்கு நூற்று முப்பத்தேழு,” என்றாள். அவளும் எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். என் மகள் என்பதில் எனக்கு ஒருபோதும் சந்தேகம் இருந்ததில்லை.

டிசம்பர் 20ஆம் திகதி பேரனுக்கு நூற்று அறுபத்து மூன்று ஆனது. அன்று நான் கோயிலுக்கும் போகவில்லை, எவரிடமும் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் காலை ஆறு மணிக்கு மகளுக்குப் போன் எடுத்தேன். “தாண்டியிட்டான் அப்பா,” என்றாள். பின்னால் பிள்ளை அழுதது கேட்டது. முன்பு அழ அவனுக்கு மூச்சு இருந்ததில்லை.

கொழும்பு டொக்டர்மார் பழைய பிள்ளையின் மரணப் பத்திரம் இருந்தால் அனுப்பச் சொன்னார்கள். பேத்திக்கும் நாளைக்கு இது தேவைப்படுமாம். அவளும் ஒருநாள் ஆண் பிள்ளை பெறக்கூடும், அவளிடமும் ஒருவர் தாளோடு வந்து கேட்கக்கூடும். மூலப்பத்திரம் இடப்பெயர்வுகளில் எங்கோ போய்விட்டது. ஜனவரியில் ஒரு வெயில் நாளில் பதிவகத்துக்குப் போய் விண்ணப்பம் எழுதினேன். கவுண்டரில் இருந்த பெண்பிள்ளை பழைய பேரேட்டைப் புரட்டித் தேடியது. நான்கு பேர் பின்னால் நின்றார்கள்.

“இறந்தவர் உங்களுக்கு என்ன முறை ஐயா?”

“மகன்,” என்றேன். அந்தச் சொல்லைச் சத்தமாகச் சொல்லி எத்தனை வருடம் என்று அப்போது எண்ணவில்லை.

பத்திரம் வந்தது. காரணம் என்ற இடத்தில் மங்கிய எழுத்து. சளிச்சுரம், கீழே இரண்டாவது வரியில் இருதயச் செயலிழப்பு. அறிவித்தவர் என்ற இடத்தில் என் கையெழுத்து. முப்பத்துநான்கு வயதுக் கையெழுத்து, நடுக்கமில்லாதது. நான் ஒளித்த உண்மையை நானே அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். கேட்கிற எவருக்கும் அது இத்தனை வருடமும் அங்கே கிடந்திருக்கிறது.

“எத்தினை பிரதி ஐயா?”

“ரெண்டு. ஒண்டு டொக்டருக்கு. மற்றது மகளுக்கு.”

பிள்ளை பற்றுச்சீட்டைக் கிழித்து நீட்டியது. இரண்டு பிரதிக்கும் சேர்த்து இருநூற்று நாற்பது ரூபாய்.